மழைமானியில் விழாத மழை

ஜூன் பிறந்துவிட்டால் என் கைபேசிக்கு ஒரே கேள்விதான் வரும். சென்னை, மதுரை, கோவை என்று எங்கெங்கோ இருக்கும் தோழர்கள், கல்லூரியில் கூடப் படித்தவர்கள், ஏதோ ஒரு கருத்தரங்கில் ஒரே ஒருமுறை சந்தித்தவர்கள், எல்லோரும் கேட்பது இதுதான்: “தோழர், அருவியில தண்ணி விழுதா?” விழுகிறது என்று சொன்னால் சனிக்கிழமை விடியலில் வேனோடு வந்து நிற்பார்கள். வரட்டும், எனக்கும் சந்தோஷம்தான். பிரானூர் பார்டரில் பரோட்டா வாங்கித் தருவார்கள். ஆனால் இத்தனை வருடத்தில் “உங்க தெருவுல மழை எப்படி?” என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் கேள்விக்குத்தான் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் ஊர் தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையில் இருக்கிறது. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அந்த ஒரு ஊரின் பிரச்சினை என்று ஒதுக்கிவிடுவார்கள்.

முதலில் சாரல். பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள்: தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலின் ஈரத்தைச் சுமந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதிக் கேரளத்தில் கொட்டிவிடும். மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது அது காய்ந்த காற்று. தமிழ்நாட்டுக்கு ஆண்டு முழுவதும் கிடைப்பது சராசரியாக 920 மில்லிமீட்டர் அளவுக்கான மழை. அதில் பாதியை ஒட்டிய பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கிலிருந்து வருவது. எங்கள் பகுதிக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கம் மலை தாழ்ந்து வழிவிடுகிறது. கொல்லத்துக்குப் போகும் ரயிலும் லாரியும் அந்த வழியில்தான் போகின்றன. காற்றும் அந்த வழியில்தான் வருகிறது. முழுதும் கொட்டித் தீர்க்காமல் மிச்சம் வைத்திருந்த ஈரத்தை ஆனியிலும் ஆடியிலும் எங்கள் மேல் சாய்வாகத் தூவிவிட்டுப் போகிறது. குடை பிடித்தால் பயனில்லை, பக்கவாட்டில் நனைப்பதுதான் சாரல். ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் தூறல். தென்காசியிலிருந்து சங்கரன்கோவில் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் இந்த ஈரம் முடிந்துபோகும். அங்கே அதே ஆடியில் புழுதிக்காற்றுதான்.

இதில் ஒரு கணக்கு விவகாரம் இருக்கிறது. வானிலைத் துறை மழையைக் காலை 8.30 மணிக்கு அளக்கும். முந்தைய இருபத்துநான்கு மணி நேரத்தில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்திருந்தால்தான் அது ‘மழை நாள்’. நல்ல சாரல் அடிக்கும் நாள் பலவற்றில் அந்த அளவுக்குத் தண்ணீர் மழைமானிக்குள் விழாது. காற்றோடு கலந்து பறந்துவிடும். துணி மூன்று நாளாகக் காயாது, விறகு புகையும், சுவரில் பூசணம் ஏறும். பதிவேட்டில் மட்டும் அது மழையில்லாத நாள்.

அம்மா பீடி சுற்றுகிறவள். மடியில் சுளகை வைத்துக்கொண்டு காலையிலிருந்து சுற்றினாலும் சாரல் மாதத்தில் அவளுக்குத் தனிக் கவலை. சுற்றிய பீடி ஈரம் வாங்கினால் கடையில் கழித்துப்போடுவார்கள். கழித்த பீடிக்குக் கூலி இல்லை. அதனால் அடுப்புக்குப் பக்கத்தில் தட்டை வைத்துக் காயவைத்துக்கொண்டே சுற்றுவாள். ஒரு கண் பீடியில், ஒரு கண் நெருப்பில். சித்தப்பா செங்கல் சூளைக்குப் போனவர். பச்சைக்கல்லை வெயிலில் காயப்போட்டால்தான் சூளையில் அடுக்க முடியும். சாரல் அடித்தால் அறுத்த கல் முனை மழுங்கிக் கரையும், கரைந்த கல்லுக்கும் கூலி கிடையாது. சாரல் தொடங்கியதும் சூளை நின்றுவிடும். ஆனால் வாங்கிய முன்பணம் நிற்காது, அடுத்த தை வரை தலையில் உட்கார்ந்திருக்கும். விடுதி அறைகளுக்கு விலை ஏறும் அதே ஆனி, ஆடியில்தான் எங்கள் தெருவில் நகை அடகுக்குப் போகும். சீசன் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் இரண்டு அர்த்தம் உண்டு.

ஆச்சி அந்த இன்னொரு அர்த்தத்தில் சீசனுக்குப் போனவள். இளம் வயதில் குற்றாலத்தில் ஒரு விடுதியில் பாத்திரம் கழுவினாள். விடியலில் போய் இருட்டியபின் திரும்புவாள். அருவியின் இரைச்சல் கேட்கும் தூரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள், பேரருவியில் குளித்தது தன் நினைவில் இரண்டே தடவைதான் என்பாள். சிறுவனாக இருந்தபோது ஏன் என்று கேட்டேன். “அருவியப் பாக்க நேரமிருந்தாத்தான எய்யா? கழுவிட்டு நிமிந்தா இருட்டிரும்” என்றாள். அவ்வளவுதான், அதில் வருத்தம் கூட இல்லை. எனக்குத்தான் இன்னும் இருக்கிறது.

இப்போது நீங்கள் வரும் சனி, ஞாயிறுகளில் அருவிக்கரையைக் கவனித்துப் பாருங்கள். ஷாம்பு உறை, எண்ணெய்ப் பாக்கெட், கழற்றிப்போட்ட உள்ளாடை, குழந்தைகளின் டயப்பர், பிரியாணிப் பொட்டலம். எல்லாவற்றையும் திங்கள்கிழமை விடியலில் அள்ளுகிறவர்கள் யார், எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்டவரை பதில் ஒன்றாகத்தான் இருந்தது. சாரல் திருவிழா மேடையில் அவர்களை நான் பார்த்ததில்லை. குற்றாலத்தைத் தமிழில் புகழ்பெறச் செய்த நூல் குற்றாலக் குறவஞ்சி. திரிகூடராசப்பக் கவிராயர் அந்த மலையின் வளத்தையெல்லாம் ஒரு குறத்தியின் வாயால்தான் சொல்லவைத்தார். என் மலை என்று அவள் பெருமை பேசுகிறாள். இன்று அந்த மலையடிவாரத்தில் ஒரு சென்ட் நிலம் வாங்க அவளால் முடியுமா? இது தமிழாசிரியர்களைச் சீண்டுவதற்காக நான் அடிக்கடி கேட்கும் கேள்வி.

இந்தச் சாரலைப் பற்றி இன்னொன்று. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் எட்டு கிலோமீட்டர்தான். ஆனால் 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை மலைக்கு அந்தப் பக்க அரசின் கீழ் இருந்தது, தென்காசி சென்னை மாகாணத்தில். திருவிதாங்கூர் மன்னரின் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12. இந்தப் பக்கம் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நம்மவர்கள் நுழைந்தது 1939 ஜூலை 8. அதைச் சட்டத்தால் காப்பாற்றவேண்டி வந்தது அதற்குப் பிறகு. ஆக, நடுவில் ஏறக்குறைய மூன்று வருடம், ஒரே தூறலில் நனைந்த இரண்டு பேரில் ஒருவருக்குக் கோயில் வாசல் சட்டப்படி திறந்திருந்தது, எட்டு கிலோமீட்டர் கிழக்கே இருந்தவருக்கு மூடியிருந்தது. பிரகடனம் வந்த மறுநாளே எல்லா வாசலும் திறந்தது என்று நான் சொல்லவில்லை. பண்பொழிக்குப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரியில் நூற்றுக்கணக்கானோர் இஸ்லாத்துக்குப் போனார்கள். நாடே அதிர்ந்தது. அதே சாரல் விழும் ஊர்தான் அதுவும்.

சூளை வேலையை விட்ட வீடுகளிலிருந்து பையன்கள் வெளிநாடு போனார்கள். சித்தப்பா மகன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறான். போன புதிதில் பேசும்போது, “இங்க சீசன்னு ஒண்ணு இல்லண்ணே, மாசா மாசம் மழைதான்” என்றான். உண்மைதான். அந்தத் தீவு நகரத்துக்கு ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை. காய்ந்த மாதம் என்று ஒன்று கிடையாது, டிசம்பரில் மட்டும் கூடுதலாகப் பெய்யும். நமக்கு ஐப்பசியில் மழை தரும் வடகிழக்குப் பருவக்காற்றின் பெயர்தான் அங்கேயும். சில மாதங்களில் விடியலுக்கு முன்னால் சுமத்ரா தீவுப் பக்கமிருந்து புயல்போலக் காற்றும் மழையும் வரும் என்றான். அந்த நேரத்தில்தான் இவர்கள் லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறார்கள். மேலே தார்ப்பாய், பக்கவாட்டில் திறந்த வெளி. “இங்கயும் சாரல்தாண்ணே” என்று சிரித்தான். அத்தனை மழை பெய்தும் அந்த ஊரில் தண்ணீர் தேங்குவது அபூர்வம், வடிகால் அவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவன் சொன்னபோது எனக்கு எங்கள் தெரு நினைவுக்கு வந்தது. இனி அதைத்தான் சொல்லவேண்டும்.

எங்கள் ஊரில் ஊர்த்தெருக்கள் மேட்டில் இருக்கின்றன. எங்கள் தெரு குளத்துக்குக் கீழே பள்ளத்தில். நடுவில் ஓடை. ஐப்பசி அடைமழை என்று எல்லோரும் சொல்வது எங்களுக்கு வீட்டுக்குள் நிற்கும் தண்ணீர். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் தண்ணீர். அந்தக் காலத்தில் அரசு கட்டிக்கொடுத்த தொகுப்பு வீட்டின் கூரை நானூறு சதுர அடி என்று வையுங்கள், ஏறக்குறைய 37 சதுர மீட்டர். நூறு மில்லிமீட்டர் பெய்தால் அந்த ஒரு கூரையில் மட்டும் 3,700 லிட்டர். கம்பி தெரியும் கூரை அது. எவ்வளவு வெளியே வழியும், எவ்வளவு உள்ளே ஒழுகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்போவதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம், நான் கைதட்டினேன். பள்ளம் ஆவணத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது.

தாத்தா மடை பார்த்தவர். நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். குளம் நிறைந்து கரை தாங்காது என்று தெரிந்தால் நடுராத்திரியில் இருட்டுத் தண்ணீருக்குள் முங்கி மடையைத் திறப்பது அவர் வேலை. கூலி, அறுப்புக் காலத்தில் களத்துமேட்டில் அளந்து போடும் நெல். காருக்கு எவ்வளவு தண்ணீர், பிசானத்துக்கு எவ்வளவு, எந்த மேகம் குண்டாற்றை நிறைக்கும், எந்தக் காற்று ஏமாற்றிவிட்டுப் போகும் என்று சொல்லிவிடுவார். அந்தக் குளத்துப் பாசனத்தில் அவருக்கு ஒரு மரக்கால் விதைப்பாடு கூடக் கிடையாது. “மலையில இருட்டுது, ராத்திரி ஓடை வரும்” என்று அவர் சொன்னால் தெருவே சாமான்களைப் பரணில் ஏற்றும். இங்கே தூறல்கூட இருக்காது. ஆனாலும் ஓடை வரும்.

ஆச்சி செத்தது ஓர் ஐப்பசியில். அன்றும் அப்படித்தான். ஊரில் லேசான தூறல். மலையில் முதல்நாள் இரவெல்லாம் கொட்டியிருந்தது. சுடுகாடு ஓடைக்கு அந்தப் பக்கம். ஓடையில் தண்ணீர் இடுப்பளவு, செம்மண் நிறம், இழுவை. மேட்டில் ஊர்த்தெரு வழியாகப் போனால் கால் நனையாமல் சுடுகாட்டுக்குப் போய்விடலாம், தார்ச்சாலை. அந்த வழியாக எங்கள் பிணம் போவது ‘வழக்கமில்லை’. யாரும் அன்று தடுத்து நிற்கவில்லை. நிற்கத் தேவையும் இல்லை. பெரியவர்கள் பாடையைத் தூக்கியதுமே கால்கள் தாமாக ஓடைப் பக்கம் திரும்பின. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. நானும் திரும்பினேன், முதுகலை படித்துக்கொண்டிருந்தவன், அம்பேத்கரைப் பற்றிக் கூட்டங்களில் பேசிக்கொண்டிருந்தவன். 1927 மார்ச் 20 அன்று மகத்தில் சவுதார் குளத்துத் தண்ணீரைத் தொட்டுக் குடித்ததைப் பற்றி அரைமணி நேரம் பேசுவேன். அன்று என் தோளில் ஆச்சி இருந்தாள், இடுப்புவரை தண்ணீர் இருந்தது, வாய் திறக்கவில்லை. பறையின் தோல் ஈரம் வாங்கித் தொய்ந்துவிட்டது. காய்ச்ச நெருப்பில்லை. கொட்டுச் சத்தம் இல்லாமலே ஆச்சி போனாள்.

2019 ஆகஸ்டில் வாணியம்பாடிக்கு அருகே நாராயணபுரத்தில் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி ஒருவரின் உடலைப் பாலாற்றங்கரைக்கு இறக்கிய காணொளியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சென்னை உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து அதை விசாரணைக்கு எடுத்தது. காணொளி இல்லாத இடங்களில் உடல்கள் தண்ணீருக்குள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

காரியம் முடிந்த பிறகு ஓடைக்குச் சிறுபாலம் கேட்டு மனு எழுதினேன். பல மாதம் கழித்து ஓர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. குறிப்பிட்ட தேதியில் எங்கள் பகுதியில் பதிவான மழை ஒற்றை இலக்க மில்லிமீட்டர்தான், அந்த அளவுக்கு வெள்ளம் வர வாய்ப்பில்லை, மேலும் சுடுகாட்டுக்கு மாற்றுப்பாதை உள்ளது என்று எழுதியிருந்தார்கள். மாற்றுப்பாதை என்பது ஊர்த்தெரு. காகிதத்தில் அது எல்லோருக்கும் பொது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தைப் படித்துப் பாருங்கள்: சாலையையோ, பாதையையோ, சுடுகாட்டையோ, ஓடையையோ மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதே குற்றம். அலுவலகம் தெரிந்து எழுதியதா, தெரியாமல் எழுதியதா என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அந்தக் கடிதத்தைத் தெருவில் வாசித்துக் காட்டியபோது சண்டை வந்தது. இளைஞர்கள் பாலமே கேட்கக்கூடாது என்றார்கள். “பாலம் வாங்கிட்டா தெருவ விட்டுக்கொடுத்த மாதிரிதான மாமா? காலத்துக்கும் அவங்களுக்கு ஒரு வழி, நமக்கு ஒரு வழின்னு நாமளே எழுதிக் கொடுக்கணுமா?” என்றான் ஒருவன், சட்டம் படிக்கிறவன். சரியான கேள்வி. பெரியம்மா ஒருத்தி எழுந்தாள். “அடுத்த ஐப்பசிக்குள்ள யாராவது சாவத்தான் போறோம். நானாத்தான் இருக்கும். அன்னிக்கு எந்த வழியில கொண்டுபோவேன்னு சொல்லிட்டு அப்புறம் பேசுல” என்றாள். யாரும் பேசவில்லை. எனக்கும் பதில் தெரியாது. பிறகு இரண்டு மனு என்று முடிவானது. தெருவில் போகும் உரிமைக்கு ஒன்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓடையைத் தாண்டப் பாலம் கேட்டு இன்னொன்று. இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதக்கூடாது என்பதில் அந்தச் சட்ட மாணவன் பிடிவாதமாக இருந்தான். ஒன்றைக் கொடுத்து மற்றதை மூடிவிடுவார்கள் என்றான். என்னைவிட அவனுக்கு விவரம் அதிகம்.

மழைக் கணக்குக்கு என்ன செய்வது? மழைமானி இருக்கும் இடத்தில் பெய்த மழையைத்தான் அது சொல்லும். மலைமேல் பெய்தது ஓடையில் வரும், மானியில் வராது. இது எங்கள் பிரச்சினை மட்டுமில்லை. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து பள்ளி வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். சாரல் சீசன் தொடங்கக்கூட இல்லை, அது கோடை மழை. கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்கு மேலே நடந்தது தெரியவில்லை. அதற்கு முந்தைய டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஆண்டு முழுவதும் மாநிலத்துக்குச் சராசரியாகக் கிடைப்பது ஒரே நாளில்.  வானிலைத் துறை கணக்கில் 204.4 மில்லிமீட்டரைத் தாண்டினாலே ‘அதிகனமழை’. மழை தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கிறது. தாத்தா இருந்திருந்தாலும் இப்போது ஏமாந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அதனால் தெருப்பிள்ளைகள் ஒரு வேலை செய்தார்கள். ஓடைக்கரையில் பழைய கல்தூண் ஒன்று நிற்கிறது. அதில் பெயிண்டால் கோடு போட்டார்கள். முதலில் சென்டிமீட்டரில்தான் போட்டார்கள். பெரியவர்களுக்குப் புரியவில்லை என்பதால் பக்கத்திலேயே கரண்டை, முழங்கால், இடுப்பு, மார்பு என்று எழுதினார்கள். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் தினமும் காலை எட்டரைக்கு, பள்ளிக்கூடம் போகிற வழியில், நோட்டில் குறிக்கிறாள். தேதி, இங்கே மழை உண்டா இல்லையா, மலை தெரிகிறதா மூடியிருக்கிறதா, ஓடை எவ்வளவு. கைபேசியில் தூணைப் படம் எடுத்து வைக்கிறாள். கடைசியில் அவளாகச் சேர்த்த ஒரு கட்டம்: ‘யாருக்கு வேலை இல்லை’. சாரல் நாட்களில் அந்தக் கட்டத்தில்தான் அதிகம் எழுதியிருக்கிறாள். சூளை, நடவு, பீடி கழிவு. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டாவது மனுவோடு அந்த நோட்டின் நகலை இணைத்திருக்கிறோம். முதல் மனு இன்னும் ‘பரிசீலனையில்’ இருக்கிறது.

போன வாரம் கோவையிலிருந்து ஒரு தோழர் வழக்கம்போலக் கேட்டிருந்தார், அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று. அந்த நோட்டின் அன்றைய பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினேன். இங்கே மழை இல்லை, மலை மூடியிருக்கிறது, ஓடை முழங்கால்.

“முழங்கால்னா என்ன தோழர், தண்ணி விழுதா இல்லையா?” என்று திரும்பக் கேட்டிருக்கிறார். விழுகிறது, ஐப்பசியிலும் ஒருமுறை வாருங்கள் என்று எழுதிவிட்டேன்.